பெயரழிந்த குரல்கள்

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றின் காலையில் திருப்பூரிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். பெயரைச் சொன்னபோது ஆள் பிடிபடவில்லை. ஊரைச் சொன்னதும் பிடிபட்டது. அருப்புக்கோட்டைக்கும் கமுதிக்கும் இடையில், பேருந்து நிற்கும் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, கருவேலங்காட்டுக்கு நடுவிலிருக்கும் சிற்றூர். முனைவர் பட்ட ஆய்வுக்காக 2007 முதல் 2009 வரை நான் அலைந்த ஊர்களில் ஒன்று. அப்போது எட்டு வயதுச் சிறுவனாக என் டேப் ரெக்கார்டர் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடியவர், இப்போது பனியன் கம்பெனியொன்றில் கட்டிங் மாஸ்டர்.

“சார், எங்க அப்பத்தா கொரலு ஒங்ககிட்ட இருக்குன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதக் குடுக்க முடியுமா சார்?”

அந்த அம்மா 2019இல் இறந்துபோனதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு நாற்பத்துமூன்று ஒப்பாரிப் பாடல்களைத் தந்தவர். ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அவர் பாட்டின் மேல் நிற்கிறது. சுற்றுவட்டாரத்து இழவு வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி அழைத்துச் செல்வார்களாம். அவர் செத்த அன்று மாரடித்து அழ ஒருவரும் இல்லை, கொட்டுச் செட்டு வைத்து எடுத்தார்கள் என்றார் பேரன்.

“பாட்டு எல்லாமே இருக்கு தம்பி, அனுப்புறேன்” என்றேன்.

“ஒப்பாரி வேணாம் சார். அத வீட்டுல போட முடியாது. அப்பத்தா சும்மா பேசுனது ஏதாச்சும் இருந்தாப் போதும்.”

மறுநாளே அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசனை வந்தது, சும்மா பேசியது இருக்கிறதா என்று.

இந்த இடத்தில் சற்றுப் பின்னால் போக வேண்டும். ஒப்பாரியைச் சேகரித்தவர்களுக்குத் தெரியும், சாவு விழாத வீட்டில் அதைப் பாட மாட்டார்கள். கேட்டாலே பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். அந்த அம்மாவை நான் முதலில் கண்டது ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில், கையில் குச்சியோடு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது. கரையிலிருந்த ஆலமரத்தடியில்தான் பாடுவேன், ஊருக்குள் கருவியைத் திறக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என மூன்று நிபந்தனைகள் விதித்தார். முதலிரண்டைக் காப்பாற்றினேன். பாட்டுக்கு நடுவே பேசுவார். பாட்டை யாரிடம் கற்றார், எந்தச் சாவில் எந்த வரி பிறந்தது, யார் வீட்டில் கூலி தராமல் ஏமாற்றினார்கள். நிறுத்தி நிறுத்திப் பதிந்தால் நல்ல அடி தவறிவிடும் என்று ஒலிநாடாவை ஓடவிட்டுவிடுவேன். மொத்தம் அறுபத்திரண்டு கேசட்டுகள் சேர்ந்தன.

2011இல் அவற்றைக் கணினிக்கு மாற்றினேன். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலித்துளைக்கு ஒரு கம்பி. ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் ஓடத்தான் வேண்டும், குறுக்குவழி கிடையாது. வேவ் என்னும் வடிவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 600 மெகாபைட். இரண்டு கோடை விடுமுறைகள் அதில் போயின. பிறகு ஆடாசிட்டி என்ற மென்பொருளில் ஒவ்வொன்றையும் திறந்து, இருமல், காற்றிரைச்சல், வண்டிச் சத்தம், பேச்சு எல்லாவற்றையும் வெட்டி, பாட்டை மட்டும் தனித்தனிக் கோப்பாக்கிப் பெயரும் எண்ணும் இட்டேன். வெட்டாத முழுக் கோப்புகளை அழித்தேன். கல்லூரி விழாப் பதிவுகளையும் அதே வன்தட்டில்தான் வைத்திருந்தேன். அவற்றுக்கு இடம் வேண்டியிருந்தது. வெட்டி முடித்த நாளில் ஏதோ சுவடியைப் பதிப்பித்து முடித்தவன் போல எனக்கொரு பெருமிதம்.

கேசட்டுகள் பரணில் கிடந்தன. 2015இல் வீடு மாறியபோது எடுத்துப் பார்த்தால் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை. சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய பேப்பர்க்காரர் எடையில்கூடச் சேர்க்காமல் சும்மா எடுத்துப்போனார். வருந்தவில்லை. அதுதான் ‘பேக்கப்’ இருக்கிறதே! மூலம் போன பின்பும் அந்த வன்தட்டை நான் பேக்கப் என்றே சொல்லிவந்தேன். எதற்குப் பேக்கப் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து வன்தட்டை எடுத்து மடிக்கணினியில் செருகினேன். ஐந்நூறு ஜிபி, 2010இல் வாங்கியது, சட்டைப்பையில் அடங்குவது. திறந்தது. ‘ஒப்பாரி’ என்ற உறையைக் கண்ணால் பார்த்தேன். நகலெடுக்கக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்க எழுந்தேன். கால் கம்பியில் மாட்டியது. இரண்டரை அடி உயரத்து மேசையிலிருந்து மொசைக் தரைக்கு, சுழன்றுகொண்டிருந்தபடியே விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

எடுத்து மறுபடி செருகினேன். டிக், டிக், டிக் என்று எண்ணி ஒன்பது முறை ஒலித்து அடங்கியது. கழற்றிச் செருகினேன். மீண்டும் அதே ஒன்பது. அன்று மாலைக்குள் ஆறேழு முறை செருகியிருப்பேன். எங்கள் தெருக் கணினிக் கடைப் பையன் தன் பங்குக்கு நான்கு முறை. நண்பரொருவர் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீஸரில் ஒரு ராத்திரி வைக்கச் சொன்னார். பழைய வன்தட்டுகளில் ஒட்டிக்கொண்ட பாகங்கள் குளிரில் சுருங்கி விடுபட்டதாகச் சொல்லப்பட்டவை உண்டாம். கோழிக்கறிக்குப் பக்கத்தில் இடமும் ஒதுக்கிவிட்டேன். நல்லவேளை, எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பரிடம் வாயைவிட்டேன். “வெளியே எடுத்ததும் உள்ளே வேர்க்கும், தட்டின் மேல் ஈரம் படியும். அதோடு தீர்ந்தது” என்று தடுத்தார். இனி எவரிடமும் கொடுக்காதே, மின்சாரம் காட்டாதே என்றும் சொன்னார்.

அவர் வழியாகத்தான் சென்னையிலிருந்த தரவு மீட்புக்கூடம் ஒன்றுக்குப் போனேன். துணியில் சுற்றி மடியில் வைத்தபடி இரவு ரயிலில் உட்கார்ந்தே சென்றேன். அங்கிருந்த பொறியாளருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். எத்தனை தரம் செருகினீர்கள் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மருத்துவரிடம் பீடிக் கணக்கைக் குறைத்துச் சொல்வதுபோல் நானும் மூன்று என்றேன். அவர் சிரித்தார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பழைய வன்தட்டைத் திறந்து காட்டினார். நான் தமிழ் படித்தவன். இத்தனை நாள் என் வாழ்நாள் உழைப்பை எதன் மேல் வைத்திருந்தேன் என்று அன்றுதான் பார்த்தேன். கண்ணாடிபோல் மின்னும் வட்டத் தட்டு. எனதில் அப்படி இரண்டு. நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்குத் தொண்ணூறு. அதன் மேல், எள்ளைவிடச் சிறிய ‘தலை’ ஒன்று, தட்டைத் தொடாமல், தட்டின் சுழற்சி எழுப்பும் காற்றிலேயே மிதந்தபடி படிக்கிறது. தலைக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர். தலைமயிரின் தடிமனைப் பல்லாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. ஒரு தூசி அதற்கு மலை. விழுந்த வேகத்தில் தலை தட்டில் இடித்து வளைந்திருக்கிறது. டிக் டிக் என்பது, தலை தன் இடத்தைத் தேடிப் போய், காணாமல், திரும்பி வந்து, மறுபடி போகும் ஒலி. நான் செருகிய ஒவ்வொரு முறையும் அந்த வளைந்த தலை தட்டை உழுதிருக்கிறது.

சரிசெய்ய அதே மாதிரியில், உட்கட்டளை நிரலும் பொருந்தக்கூடிய இன்னொரு வன்தட்டைத் தேடிப்பிடித்து, தூசி நீக்கிய அறையில் இரண்டையும் திறந்து, நல்லதன் தலையை எடுத்து இதில் பொருத்த வேண்டும். அந்த நல்ல வன்தட்டு அதன் பின் எதற்கும் ஆகாது. ‘டோனர்’ என்றார் அதை. அடியிலிருக்கும் பச்சை மின்பலகையை மட்டும் மாற்றினால் ஆகாதா என்று, இணையத்தில் படித்த திமிரில் கேட்டேன். ஒவ்வொரு வன்தட்டும் தொழிற்சாலையை விட்டு வரும்போதே தன் குறைநிறைகளுக்கேற்ற அளவுகளைப் பலகையிலுள்ள சில்லில் குறித்து வைத்திருக்குமாம். இன்னொன்றன் பலகை இதற்குப் பொருந்தாது. என் கோளாறு பலகையிலும் இல்லை. கட்டணம் இருபத்தெட்டாயிரம். சுயநிதிப் பிரிவில் வேலைபார்க்கும் எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை. மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததை எடுத்துத் தந்தார். ஆறு மாதத்தில் நிரப்புவதாகப் பேச்சு.

தலை மாற்றிய பின் படித்தெடுக்க ஒன்பது நாளாயிற்று. அந்த முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவிட்டுத் தாண்டிப்போய்விடுவது. புதுத் தலையும் எப்போது சாகும் என்று தெரியாதல்லவா. பின்னர் விட்ட இடங்களுக்குத் திரும்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவது. இதையே செய்யும் டிடிரெஸ்கியூ என்ற கட்டற்ற மென்பொருளும் உண்டு. தலை உயிரோடிருக்கும் வன்தட்டுக்கு வீட்டிலேயே அதைப் பயன்படுத்தலாம் என்றார். எந்தெந்த இடம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அது ஒரு வரைபடக் கோப்பை எழுதிக்கொண்டே போகும்.

பொறியாளர் திரையில் காட்டிய வரைபடத்தில் பச்சை நிறத்துக்கு நடுவே சீரான இடைவெளியில் சிவப்புக் கோடுகள். தட்டின் ஒரு பக்கத்தில் வட்டமாக விழுந்த கீறல். எனக்குச் சட்டென்று புறநானூற்றின் அச்சுப் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. உ.வே.சா. 1894இல் பதிப்பித்த அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்து புள்ளிகளாக நிற்கின்றன. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் இறுதிப் பத்தும் இல்லை. ஆண்டுதோறும் வகுப்பில் இந்த எண்களை ஒப்பிக்கிறேன். “அந்தப் பாட்டுல என்ன சார் இருந்திருக்கும்?” என்று எவராவது ஒரு மாணவி கேட்பாள். ஏட்டைச் செல் அரித்தது என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். ஐயருக்காவது ஒப்பிட்டுப் பார்க்க ஊரூராகச் சென்று தேடிய வேறு ஏடுகள் இருந்தன. யாரோ யாருக்காகவோ படியெடுத்து வைத்தவை. ஒன்றில் சிதைந்தது இன்னொன்றில் மிஞ்சியிருக்கும். நான் எவருக்கும் ஒரு படி கொடுத்ததில்லை. நெறியாளர் கேட்டபோதுகூட ஆய்வேடு அச்சாகட்டும் என்று தள்ளிப்போட்டேன். களத்தில் சேர்த்ததைப் பிறர் எடுத்துக் கட்டுரை எழுதிவிடுவார்களோ என்ற பயம். ஆய்வாளர்களுக்கு அது என்ன பயம் என்று புரியும்.

பெரும்பகுதி கிடைத்துவிட்டது என்று சொல்லி, புதிய வன்தட்டொன்றில் படியைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் கோப்புகளின் பெயரும் அவை எங்கெங்கே கிடக்கின்றன என்பதும் எழுதப்பட்ட அட்டவணைப் பகுதி கீறலில் போய்விட்டது. சரக்கு இருக்கிறது, முகவரி இல்லை.

இதற்கு வழி சொன்னவர் எங்கள் கணினி அறிவியல் துறையிலிருக்கும் தங்கை. ஃபோட்டோரெக் என்றொரு இலவச மென்பொருள், கிறிஸ்டோஃப் கிரேனியே என்பவர் உருவாக்கியது. பெயரில்தான் போட்டோ; பலவகைக் கோப்புகளையும் எடுக்கும். அது அட்டவணையைத் தேடுவதில்லை. வட்டின் முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகிறது. வேவ் கோப்பு ஒவ்வொன்றும் ‘ரிஃப்’ என ஒலிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அதையடுத்து அதன் நீளம் இருக்கும். அந்த நான்கெழுத்தைக் கண்ட இடத்தில், இங்கே ஒரு கோப்பு பிறக்கிறது என்று கொண்டு, சொன்ன நீளத்துக்கு வெட்டி எடுத்து வைக்கும். கோப்பு தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தால் முழுதாக வரும். துண்டு துண்டாகச் சிதறி இருந்தால் பாதியில் வேறெதாவது ஒட்டிக்கொண்டு வரும்.

ஓரிரவு முழுக்க ஓடியது. விடிந்து பார்த்தபோது 587 ஒலிக்கோப்புகள். ஒன்றுக்கும் பெயரில்லை. எஃப் என்ற எழுத்து, அதன் பின்னால் ஒரு நீண்ட எண். அந்த எண் கோப்பு வட்டில் கிடந்த இடத்தைக் குறிப்பது. பிறந்த இடம் தெரியும், பேர் தெரியாது.

கேட்டுத்தான் அறிய வேண்டும். வீட்டில் கேட்க முடியாது. முதல் நாள் மாலை ஒலிபெருக்கியில் அரை நிமிடம் ஓடியதற்கே என் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார். “வெளக்கு வச்ச நேரத்துல வீட்டுக்குள்ள என்னடா இது?” ஹெட்போனில் கேட்டால் என்னம்மா என்றேன். “ஒங் காதும் இந்த வீட்டுக்குள்ளதான இருக்கு” என்றார். மறுக்க முடியாத வாதம். எனவே வகுப்புகள் முடிந்த பின் துறையறையில் உட்கார்ந்து கேட்டேன். ஐந்தரையிலிருந்து எட்டுவரை, ஏறக்குறைய இரண்டரை மாதம். ஒருநாள் ஹெட்போன் முனை கழன்றது தெரியாமல் எழுந்து முகம் கழுவப் போய்விட்டேன். ஆளில்லாத தமிழ்த் துறையிலிருந்து நெஞ்சிலடித்து அழும் பெண்குரல் கேட்டு இரவுக் காவலர் ஓடி வந்து படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எட்டு மணிக்கு முன்பு மாடி ஏறுவதில்லை.

பெயர் வைப்பது பெரும்பாடாக இருந்தது. பதினான்கு பெண்களிடம் பதிந்திருக்கிறேன். சிலர் குரல் கேட்ட உடனே தெரிந்தது. சிலர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. முகம் நினைவுக்கு வருகிறது, ஊர் வரவில்லை. கடைசியில், குறுந்தொகை தொகுத்தவர்கள் செய்ததையே செய்தேன். பாடியவர் பெயர் தெரியாதபோது பாட்டில் மின்னிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்றார்களே, அது நெடுநாள் எனக்கு ஓர் அழகிய வழக்கமாக மட்டுமே தெரிந்தது. அந்தத் தொகுப்பாளர் முன்னாலும் இப்படியொரு குவியல் கிடந்திருக்கும், பெயர் கேட்க ஆளற்றுப் போயிருக்கும் என்று அந்த அறையில்தான் தோன்றியது. என் பட்டியலில் இப்போது ‘எண்ணெய் காணாத் தலையார்’ ஒருவர் இருக்கிறார். ‘மூணு ரோட்டுப் பந்தலார்’ ஒருவர். இருவரும் ஒருவரே என்ற ஐயமும் உண்டு.

2008இல் தட்டச்சிட்ட பட்டியலொன்று இருந்தது. அதுவும் மீண்டு வந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் நாணயக் குறியும் கலந்த கூளம். யூனிகோட் எங்களூர் டி.டி.பி. நிலையங்களுக்கு வந்து சேராத காலம். 1999இல் அரசு டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரமாக அறிவித்திருந்தது. இணையத்தில் டிஸ்கி. அச்சகத்தில் அவரவர் எழுத்துரு. 2010இல்தான் அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. எந்த எழுத்துருவில் அடித்தேன் என்பது மறந்துபோயிற்று. மாற்றி நிரலில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தேன். ஐந்தாவதில் தமிழ் எழுந்து வந்தது. ஒரு பைட்டும் சிதையாத கோப்பு, படிக்கத் தெரிந்தவன் மறந்துபோனதால் கூளமாகக் கிடந்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இருந்தவையெல்லாம் கேசட் எண்கள். கேசட்டும் இல்லை, எண்ணிட்ட கோப்பும் இல்லை. இரண்டு நாள் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் வாக்கில் ஒரு கோப்பைத் திறந்தேன். அரை மணி நேர நீளம். அப்படி நீளமான பாட்டு எதுவும் என்னிடம் இல்லை. முதலில் காற்றிரைச்சல். பிறகு என் குரல், இன்றைக்கு என்ன தேதி என்று சொல்கிறது. மிக இளைய குரல், கொஞ்சம் பந்தாவான குரல். பிறகு ஓர் இருமல். எனக்கு விளங்க ஒரு நிமிடமாயிற்று. 2011இல் நான் அழித்த முழுக் கோப்பு அது.

தங்கை விளக்கிச் சொன்னார். இவ்வகை வன்தட்டில் கோப்பை அழிக்கும்போது அட்டவணையில் அதன் இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர எழுதியது அப்படியே கிடக்கும். அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். அட்டவணையை நம்பும் எவருக்கும் அது தெரியாது. ஃபோட்டோரெக்குக்கு அட்டவணையே இல்லையாதலால், இருப்பதும் அழித்ததும் அதற்கு ஒன்றுதான். தலை வளையாமல், அட்டவணை கெடாமல் நகலெடுத்து முடித்திருந்தேனானால், நான் திருத்திய பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வன்தட்டை ஓரம் கட்டியிருப்பேன்.

முழுக் கோப்புகள் நூற்றிருபத்து நான்கு இருந்திருக்க வேண்டும், பக்கத்துக்கு ஒன்றாக. முப்பத்தொன்று கிடைத்தன. மீதி கல்லூரி விழாப் பதிவுகளுக்கு அடியில் போயின. முப்பத்தொன்றில் அந்த அம்மாவின் குரல் இருந்தவை ஐந்து. அவர் மாமியாரிடம் பாட்டுக் கற்ற கதை இருக்கிறது. நாற்று நடும்போது மாமியார் முன்னால் பாட, பின்னால் இவர் முனகிக்கொண்டே வருவாராம். தப்பாகப் பாடினால் சேற்றை வாரி எறிவாராம். இதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை நான்தான் வெட்டினேன் என்று நினைத்தபோது ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். நான்காம் இயலில், ஒப்பாரி மரபு வாய்மொழியாகக் கையளிக்கப்படும் முறை குறித்துத் தகவலாளியிடம் போதிய செய்திகள் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

பேரனுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தது பதினொரு நிமிடத் துண்டு. அதில் பாட்டில்லை. மழை பெய்யாதது, ரேஷன் அரிசி, என் கல்யாணம் பற்றிய விசாரணை. எட்டாம் நிமிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு உரக்கக் கூப்பிடுகிறார்: “எலே சின்னவனே, அதப் பாருடா, கண்மாய்க்குள்ள எறங்குது!” தூரத்தில் ஒரு சிறுவன் ஏதோ பதில் சொல்கிறான். காலடி ஓடுவது கேட்கிறது. கிடைத்தது கிடைத்தபடியே அனுப்பினேன். இனி வெட்டப்போவதில்லை என்று வைத்திருந்தேன்.

இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் இரவு அழைத்தார். பின்னால் தையல் எந்திரங்களின் இரைச்சல்.

“கேட்டேன் சார். அப்பாவுக்கும் போட்டுக் காட்டுனேன்.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “கடைசில யாரோ வரவேற்புரை குடுக்குறாங்க சார்.”

எங்கள் கல்லூரி ஆண்டு விழா. பத்தாம் நிமிடத்தில் அந்த அம்மாவின் சொல் ஒன்று பாதியில் அறுந்து, ‘மாண்பமை முதல்வர் அவர்களே’ என்று தொடங்குகிறது. விளக்கினேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. பரவாயில்லை சார், அதுவும் இருக்கட்டும் என்றார்.

“ஆட்டை வெரட்டத்தானே தம்பி ஒன்னக் கூப்பிடுறாங்க, அந்த எடத்துல?”

“ஆடா?” என்றார். “எங்ககிட்ட ஆடே கெடையாது சார். எப்பவும் கெடையாது. அது செவலக் கன்னுக்குட்டி. அந்த வருசந்தான் அப்பா அத வித்தாரு.”

ஆய்வேட்டின் படி என் மேசைக்கு மேலேயே இருக்கிறது. பின்னிணைப்பில் தகவலாளிகள் பட்டியல், வரிசை எண் ஆறு. பெயர், வயது, ஊர். தொழில்: ஆடு மேய்த்தல். பென்சிலால் அதை அடித்தேன். பதிலுக்கு என்ன எழுதுவது என்று கேட்க மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை, வேலையில் இருந்திருப்பார்.